எச்ஓஏ வீட்டு முற்றத்தில் மண்ணுக்குரிய செடிகள்: அனுமதி வாங்குவதும் காப்பாற்றிக்கொள்வதும்

அமெரிக்காவில் எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) உள்ள குடியிருப்பில் புல்தரையைக் குறைத்து, அந்த மண்ணுக்கே உரிய நேட்டிவ் செடிகளை வைக்க விரும்புகிறவர்களுக்கு இன்று பல மாநிலங்களின் சட்டம் துணை நிற்கிறது. நாடு முழுமைக்குமான சட்டம் எதுவும் இல்லை. மேரிலாந்தில் எடுபடும் வாதம் பக்கத்து மாநிலத்தில் எடுபடாமல் போகலாம். அதனால் "நேட்டிவ் செடி வைக்க எனக்கு உரிமை உண்டு" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு மண்வெட்டியை எடுப்பது ஆபத்து. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, என்ன நிபந்தனை என்று கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். சட்டம் காப்பது பராமரிக்கப்படும் தோட்டத்தை. வெட்டாமல் விட்ட புல்லை எந்த மாநிலமும் தோட்டம் என்று ஏற்பதில்லை. கீழே வரும் வேலைகளில் பாதி, உங்கள் தோட்டம் திட்டமிட்டு நட்டது, கவனித்து வளர்ப்பது என்று பார்த்தவுடன் தெரியும்படியும் காகிதத்தில் நிரூபிக்கும்படியும் செய்வதற்கானவை.

முதலில், அது உங்கள் மண்தானா

வீடு வாங்கியபோது கிடைத்த காகிதங்களில் பிளாட் (மனைப் பிரிவு வரைபடம்) அல்லது சர்வே வரைபடம் இருக்கும். இல்லையென்றால் கவுன்ட்டி பதிவு அலுவலகத்தில் கிடைக்கும். அதில் மூன்றைப் பாருங்கள்.

எல்லைக்கோடு எங்கே முடிகிறது என்பது ஒன்று. டவுன்ஹவுஸ், காண்டோ என்றால் வீட்டு முன்னால் இருக்கும் புல்தரை பெரும்பாலும் பொது இடமாக இருக்கும். அங்கே செடி வைக்கும் உரிமை தனி உரிமையாளருக்கு வராது. சங்கத்தை நடத்தும் போர்டிடம் கேட்டுத்தான் செய்ய முடியும். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே உள்ள பட்டை இரண்டாவது. நீங்கள்தான் அங்கே புல் வெட்டுகிறீர்கள் என்றாலும் அது பெரும்பாலும் நகரத்தின் வழியுரிமைக்குள் வரும் நிலம். அதில் நட நகர விதிகள் தனி. மூன்றாவது ஈஸ்மென்ட், அதாவது உங்கள் மனைக்குள்ளேயே நீரோட்டத்துக்கோ மின்கம்பிக்கோ பிறர் பயன்படுத்தும் உரிமை உள்ள பகுதி. மழைநீர் ஓடும் ஈஸ்மென்ட்டில் மேடு கட்டி நீரோட்டத்தைத் தடுத்தால் எச்ஓஏ, நகரம், பக்கத்து வீடு மூவரும் ஒரே நேரத்தில் புகார் சொல்வார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கும். மின்சார, கேபிள் ஈஸ்மென்ட்டில் நடலாம். நாளை தோண்டிப் போட்டால் இழப்பீடு கேட்க முடியாது.

தோண்டுவதற்குச் சில நாட்கள் முன்பே 811 என்ற எண்ணை அழையுங்கள். நிலத்தடிக் குழாய், கம்பி எங்கே போகிறது என்று கட்டணமில்லாமல் குறித்துவிட்டுப் போவார்கள். மரக்கன்றுக்கும் புதருக்கும் மட்டுமல்ல, ஆழமில்லாத மழைத் தோட்டத்துக்கும் (மழைநீரைத் தேக்கி மண்ணில் இறக்கும் பள்ளப் பாத்தி) இதைச் செய்யுங்கள். இணையக் கேபிள் பல இடங்களில் சில அங்குல ஆழத்திலேயே கிடக்கும்.

எந்தக் காகிதத்துக்கு எவ்வளவு எடை

எச்ஓஏ ஆவணங்கள் நான்கு அடுக்கு. கவுன்ட்டியில் பதிவான டிக்ளரேஷன் (சிசி அண்ட் ஆர் என்பார்கள்), சங்கப் பதிவுச் சாசனம், பைலா, கடைசியில் போர்டு தானே போடும் விதிகளும் டிசைன் கைட்லைன்களும். மேலே உள்ளதோடு கீழே உள்ளது முரண்பட்டால் மேலே உள்ளதுதான் செல்லும். இவை எல்லாவற்றுக்கும் மேலே மாநிலச் சட்டம்.

நடைமுறையில் இதன் பயன் பெரியது. "முன்புறத்தில் 60 சதவீதம் புல் இருக்க வேண்டும்" என்று மேனேஜ்மென்ட் கம்பெனி சொன்னால், அது டிக்ளரேஷனில் இருக்கிறதா, கைட்லைனில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். கைட்லைனில் மட்டும் இருந்தால் போர்டு ஒரு கூட்டத்தில் மாற்றிவிடலாம். டிக்ளரேஷனில் இருந்தால் உறுப்பினர் வாக்கெடுப்பு வேண்டியிருக்கும். அப்போது மாநிலச் சட்டத்தைத்தான் நம்பவேண்டும்.

பிடிஎஃப் கோப்பில் தேட வேண்டிய சொற்கள்: டர்ஃப், சாட், லான், வீட், லேண்ட்ஸ்கேப், ஹைட், அப்ரூவல், டீம்டு. கடைசிச் சொல் முக்கியம். விண்ணப்பித்து 30 அல்லது 45 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கருதப்படும் என்று சில டிக்ளரேஷன்களில் இருக்கும். வேறு சிலவற்றில் நேர்மாறாக, பதில் இல்லையென்றால் மறுப்பு என்று இருக்கும். எது உங்களுடையது என்று தெரியாமல் காத்திருக்கக் கூடாது.

மாநிலச் சட்டம்: சொல்லைச் சரியாகப் பிடியுங்கள்

இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். "நேட்டிவ்", "வறட்சி தாங்குவது", "குறைந்த நீர் வேண்டுவது", "ஃப்ளோரிடா ஃப்ரெண்ட்லி" எல்லாம் ஒன்றல்ல. உங்கள் மாநிலச் சட்டம் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறதோ அதே சொல்லை விண்ணப்பத்தில் எழுத வேண்டும்.

மேரிலாந்து: 2021 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள சட்டம், ரியல் பிராப்பர்ட்டி பிரிவு 2-125. மழைத் தோட்டம், பாலினேட்டர் தோட்டம் (மகரந்தம் பரப்பும் பூச்சிகளுக்கானது), ஜீரிஸ்கேப் (மிகக் குறைந்த நீரில் வளரும் தோட்டம்), பறவை பூச்சிகளுக்கான வாழிடத் தோட்டம் ஆகியவற்றை லோ இம்பாக்ட் லேண்ட்ஸ்கேப்பிங் என்று தொகுத்து, அவற்றின் மீது நியாயமற்ற கட்டுப்பாடு போடக் கூடாது என்கிறது. செலவைக் கணிசமாகக் கூட்டும் நிபந்தனையும், நடப்படுவதில் ஒரு பகுதியாவது புல்லாக இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையும் நியாயமற்றவை என்று சட்டமே வரையறுக்கிறது. வீட்டுக்காரர் தோட்டத்தைத் தொடர்ந்து பராமரிக்க வேண்டும். கொலம்பியா என்ற ஊரில் ஒரு தம்பதி தங்கள் எச்ஓஏவோடு ஆண்டுக்கணக்கில் நடத்திய வழக்கிலிருந்து பிறந்த சட்டம் இது.

இலினாய்: 2024இல் வந்த ஹோம்ஓனர்ஸ் நேட்டிவ் லேண்ட்ஸ்கேப்பிங் ஆக்ட். "நேட்டிவ்" என்ற சொல்லையே நேரடியாகக் காக்கும் சட்டம். இலினாய்க்குரிய செடிகளை எச்ஓஏ தடுக்கக் கூடாது. களையும், பரவி அழிக்கும் அயல் செடிகளும், குப்பையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும். பக்கத்து மனைக்குள்ளோ நடைபாதை மீதோ செடி நுழையக் கூடாது.

டெக்சஸ்: பிராப்பர்ட்டி கோட் பிரிவு 202.007, தோட்டம் பற்றிய பகுதி 2013இல் சேர்ந்தது. இது பேசுவது வறட்சி தாங்கும் தோட்டத்தையும் நீர் சேமிக்கும் புல்லையும். ஆகவே ஓடைக்கரையில் வளரும், தண்ணீர் கேட்கும் நேட்டிவ் செடியை இந்தச் சட்டத்தைக் காட்டி நட முடியாது. விவரமான திட்டம் கேட்கும் உரிமையும், அக்கம்பக்கத் தோற்றத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் உரிமையும் சங்கத்துக்கு உண்டு. ஆனால் காரணமின்றி அனுமதியை மறுக்கக் கூடாது. பிரிவு 209.00505இன்படி 40 மனைகளுக்கு மேலுள்ள சங்கத்தில் போர்டு உறுப்பினரோ அவர் கணவர், மனைவியோ ஆர்க்கிடெக்சுரல் கமிட்டியில் (வீட்டு வெளித்தோற்ற மாற்ற விண்ணப்பங்களை முடிவு செய்யும் குழு) இருக்க முடியாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்தக் கடிதம் அனுப்பிய 30 நாளுக்குள் நீங்கள் போர்டு முன் விசாரணை கேட்கலாம்.

கலிஃபோர்னியா: சிவில் கோட் பிரிவு 4735. குறைந்த நீரில் வளரும் செடிகளைத் தடுக்கும், அல்லது புல்லுக்குப் பதில் அவற்றை வைப்பதைத் தடுக்கும் எச்ஓஏ விதி செல்லாது. வறட்சி அவசரநிலை அறிவித்த காலத்தில் நீர் பாய்ச்சுவதைக் குறைத்ததற்கு அபராதம் போட முடியாது. அப்போது மாற்றிய தோட்டத்தை அவசரநிலை முடிந்ததும் எடுக்கச் சொல்லவும் முடியாது. பிரிவு 4765 விண்ணப்பத்துக்கு எழுத்தில் முடிவு, மறுத்தால் விளக்கம், போர்டிடம் மறுபரிசீலனை மூன்றையும் உறுதி செய்கிறது. கலிஃபோர்னிய நேட்டிவ் எல்லாமே குறைந்த நீர்ச் செடி இல்லை என்பதை மறக்காதீர்கள். சியனோதஸ், மான்சனீட்டா, டியர்கிராஸ் போன்றவை எளிதில் தேறும்.

ஃப்ளோரிடா: பிரிவு 373.185. ஃப்ளோரிடா ஃப்ரெண்ட்லி லேண்ட்ஸ்கேப்பிங்கை எந்தக் குடியிருப்பு ஒப்பந்தமும் தடுக்கக் கூடாது. எச்ஓஏ சட்டத்திலும் பிரிவு 720.3075 இதையே சொல்கிறது. இது ஒன்பது கோட்பாடுகள் கொண்ட ஒரு முறை: சரியான இடத்தில் சரியான செடி, அளவான நீர், அளவான உரம், மல்ச் (மண்ணை மூடும் மரச்சில்லு போன்ற மூடாக்கு), மழைநீர் வழிந்தோடாமல் தடுப்பது என்று போகும். உங்கள் திட்டம் எந்தக் கோட்பாட்டுக்கு எப்படிப் பொருந்துகிறது என்று வரிவரியாக எழுதிக் கொடுப்பது நல்லது.

கொலராடோ: 2023இன் எஸ்பி 178 (செனட் மசோதா). தனி வீடுகளுக்கு எச்ஓஏ குறைந்தது மூன்று நீர்ச்சிக்கனத் தோட்ட வடிவங்களை முன்கூட்டியே அங்கீகரித்து வைத்திருக்க வேண்டும். 80 சதவீதம் வறட்சி தாங்கும் செடிகள் கொண்ட தேர்வுக்கும் இடம் தர வேண்டும். காய்கறித் தோட்டத்தையும் முன்புறத்தில்கூடத் தடுக்கக் கூடாது. வெண்டை, கத்தரிக்குப் பாத்தி போட நினைக்கும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மற்ற மாநிலங்களின் நேட்டிவ் செடிச் சட்டம் காய்கறிப் பாத்தியைக் காப்பதில்லை.

மின்னசோட்டாவின் 2023 சட்டம் (பிரிவு 412.925) எட்டு அங்குலத்துக்கு மேல் வளரும் திட்டமிட்ட இயற்கைத் தோட்டத்தை அனுமதிக்கச் சொல்கிறது. ஆனால் அது கட்டுப்படுத்துவது நகரங்களை. எச்ஓஏக்கு அதைக் காட்டிப் பயனில்லை.

உங்கள் மாநிலத்தில் இப்படி எதுவும் கண்ணில் படவில்லையா? அப்போது சட்டம் இல்லாத இடத்தில் இருப்பதாகவே எண்ணி, டிக்ளரேஷனுக்குள் நின்று செய்யுங்கள். புல்லின் அளவைப் பற்றி டிக்ளரேஷன் பேசாமல், "நேர்த்தியாகப் பராமரிக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னால் உங்களுக்கு நிறைய இடம் இருக்கிறது.

இதோடு நகரத்தின் களைச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 8, 10, 12 அங்குலம் என்று ஊருக்கு ஊர் உயர வரம்பு மாறும். நட்டு வளர்க்கும் பூச்செடிப் பாத்திக்குப் பெரும்பாலும் விலக்கு உண்டு; அந்த வரியை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எச்ஓஏ அனுமதி நகரத்தைக் கட்டுப்படுத்தாது, நகர அனுமதி எச்ஓஏவைக் கட்டுப்படுத்தாது.

விண்ணப்பம்

நட்ட பிறகு விண்ணப்பிப்பது மிகக் கெட்ட வரிசை. சட்டம் முழுக்க உங்கள் பக்கம் இருந்தாலும், "அனுமதியின்றி மாற்றம்" என்ற தனிக் குற்றம் உங்கள் மேல் நிற்கும். செடியைப் பற்றிய வழக்கில் வெல்லக்கூடியவர்கள் நடைமுறையைப் பற்றிய இந்த வழக்கில் தோற்கிறார்கள்.

முற்றம் முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றக் கேட்காதீர்கள். 30 அடிக்கு 20 அடி, அதாவது 600 சதுர அடி முன்புறம் இருந்தால் முதல் ஆண்டு வீட்டையொட்டி 20க்கு 10 அடி கேளுங்கள். 200 சதுர அடியை இரண்டு பேர் வார இறுதிகளில் களை இல்லாமல் வைத்திருக்க முடியும். 600ஐ முதல் ஆண்டில் முடியாது, அதுதான் வயலேஷன் (விதிமீறல்) கடிதத்துக்கு நேர்வழி.

வரைபடத்தை ஒரு அங்குலம் 4 அடி என்ற அளவில் போட்டால் 30 அடி முன்புறம் ஒரு சாதாரணத் தாளில் அடங்கும். வீட்டுச் சுவர், வாகன வழி, நடைபாதை, எல்லைக்கோடு, ஈஸ்மென்ட், தண்ணீர்க் குழாய் எல்லாம் அதில் வேண்டும். கூடவே செடிப் பட்டியல்: பொதுப் பெயர், தாவரவியல் பெயர், எண்ணிக்கை, முழு வளர்ச்சியில் உயரம், பூக்கும் மாதம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணப் படம். கமிட்டியில் இருப்பவர்களுக்குச் செடி தெரியாது. பெயரை மட்டும் பார்த்தால் "மில்க்வீட்" என்பதில் உள்ள "வீட்" மட்டும்தான் அவர்கள் கண்ணில் படும். பூவின் படத்தைப் பார்த்தால் மனம் மாறும்.

மேரிலாந்தில் வெயில் படும் 200 சதுர அடிக்கு ஒரு கணக்கு:

சுவரோரம் வர்ஜீனியா ஸ்வீட்ஸ்பயர் 3 புதர்கள், ஒவ்வொன்றுக்கும் 4க்கு 4 அடி, மொத்தம் 48 சதுர அடி.
நடுவில் 122 சதுர அடி. 18 அங்குல இடைவெளியில் 54 செடிகள்: லிட்டில் புளூஸ்டெம் புல் 18, ருட்பெக்கியா ஃபுல்கிடா 18, பட்டர்ஃப்ளை மில்க்வீட் 18. ஒவ்வொரு வகையையும் 9 செடிகள் கொண்ட இரண்டு திட்டுகளாக.
பாத்தியின் முன் ஓரம் ஒன்றரை அடி அகலப் பட்டையில் மாஸ் ஃப்ளாக்ஸ் 30, சதுர அடிக்கு ஒன்று.

மொத்தம் 87. ஐந்தே வகை. இருபது வகையில் நான்கு நான்கு வாங்கி நட்டால் பூச்சிகளுக்குக் குறையில்லை, பார்ப்பவர் கண்ணுக்கு அது களைக்காடு. ஒரே செடி திட்டாக வந்து, சற்றுத் தள்ளி அதே செடி மறுபடியும் வந்தால் யாரோ யோசித்து வைத்தது என்று தெரிகிறது. நிலத்தோற்ற ஆய்வாளர் ஜோன் நாசவர் 1990களில் "கவனிப்பின் அடையாளங்கள்" என்ற பொருளில் விளக்கியது இதைத்தான்: வெட்டிய விளிம்பு, தெளிந்த எல்லை, வேலி, பலகை ஆகியவை இருந்தால் உள்ளே எவ்வளவு அடர்ந்திருந்தாலும் மக்கள் அதைத் தோட்டமாக ஏற்கிறார்கள்.

விண்ணப்ப மொழியிலும் கவனம் வேண்டும். "மெடோ", "வைல்ட்", "நேச்சுரல்", "நோ மோ" போன்ற சொற்களை விடுங்கள். "பிளான்டட் பெட்", "பெரென்னியல் கார்டன்", "பாலினேட்டர் கார்டன்" என்று எழுதுங்கள். இரண்டு பத்தி பராமரிப்புத் திட்டம் சேருங்கள்: வாரம் ஒருமுறை களை எடுப்பது, மாதம் ஒருமுறை விளிம்பு சீராக்குவது, 2 முதல் 3 அங்குல மல்ச், வசந்தத்தில் தண்டு வெட்டுவது, வாகன வழி முனையில் பார்வை மறைக்காதபடி 30 அங்குலத்துக்குக் கீழே மட்டும் நடுவது. கடைசிப் பத்தியில் சட்டப் பிரிவைப் பணிவாக ஒரே வரியில் குறிப்பிட்டால் போதும். மிரட்டல் தொனி வேண்டாம்; கமிட்டியில் இருப்பவர் உங்கள் தெருக்காரர்தான், சம்பளமில்லாத வேலை அது.

மின்னஞ்சலில் அனுப்பினாலும் ஒரு பிரதியை சர்ட்டிஃபைட் மெயிலில் ரிட்டர்ன் ரிசீட்டோடு அனுப்புங்கள். அந்தப் பச்சை அட்டையில் உள்ள தேதியிலிருந்துதான் 30 நாளோ 45 நாளோ எண்ணப்படும். வாய்மொழி அனுமதியை ஏற்காதீர்கள். "பரவாயில்லை, செய்யுங்க" என்று சொன்ன போர்டு தலைவர் அடுத்த தேர்தலில் மாறிவிடுவார்.

நடும்போது பிழை எங்கே வருகிறது

புல்லை அகற்றும் காலம்தான் புகார் அதிகம் வரும் காலம். அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்து, மேலே 3 முதல் 4 அங்குல மரச்சில்லு போடுவது எளிய வழி. பெட்டியில் ஒட்டியிருக்கும் டேப்பைப் பிய்த்துவிடுங்கள், அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று 6 அங்குலமாவது ஏறியிருக்கட்டும், இல்லையென்றால் இடுக்கில் பெர்முடா புல் தலைகாட்டும். அட்டை வெளியே தெரிந்தால் அன்றே யாராவது படம் எடுத்து அனுப்புவார்கள். தெளிந்த பிளாஸ்டிக் விரித்து வெயிலில் வாட்டுவதற்குக் கடும் கோடையில் 6 முதல் 8 வாரம் ஆகும். முன்புறத்தில் அதைச் செய்வதாக இருந்தால் விண்ணப்பத்திலேயே தேதியோடு சொல்லிவிடுங்கள்.

முன்புறத்தில் விதை தூவாதீர்கள். "வைல்ட்ஃபிளவர் மிக்ஸ்" பாக்கெட்டுகளில் பல நேட்டிவே அல்லாதவை. முளைத்து வருவது களையா செடியா என்று உங்களுக்கே முதல் ஆண்டில் தெரியாது, கமிட்டிக்கு எப்படித் தெரியும்? பிளக் நாற்றும் (குழித்தட்டில் வளர்த்த சிறு நாற்று) சிறு தொட்டிச் செடியும் செலவு கூடினாலும் முதல் நாளே வரிசையும் இடைவெளியும் தெரியும். முதல் ஆண்டு வாரத்துக்கு ஓர் அங்குல நீர் மழையாகவோ குழாயாகவோ கிடைக்க வேண்டும். இங்கே தோட்டக்காரர்கள் சொல்வதுபோல முதல் ஆண்டு தூங்கும், இரண்டாம் ஆண்டு தவழும், மூன்றாம் ஆண்டு தாவும். முதல் ஆண்டின் வெறுமையை மல்ச்தான் மறைக்க வேண்டும்.

விளிம்புக்கு நேரம் கொடுங்கள். அரைவட்ட எட்ஜரை நிமிர்த்திப் பிடித்து 4 முதல் 6 அங்குல ஆழத்துக்கு இறக்கி, பாத்திப் பக்கம் சரிவாக மண்ணை வாரி எடுத்தால் புல்லுக்கும் பாத்திக்கும் நடுவே கூர்மையான கோடு விழும். நடைபாதைக்கும் பாத்திக்கும் இடையே 18 முதல் 24 அங்குலம் வெட்டிய புல் பட்டை ஒன்றை விட்டுவைத்தால் அதைவிட நல்லது. மழைக்குப் பின் சாய்ந்த ருட்பெக்கியா தண்டு ஒன்று நடைபாதையில் கிடப்பது சிறிய விஷயம். ஆனால் இலினாய் சட்டத்தின் பாதுகாப்பு நழுவ அந்த ஒரு தண்டு போதும்.

பட்டர்ஃப்ளை மில்க்வீட் வசந்தத்தில் மிகத் தாமதமாக முளைக்கும். செத்துவிட்டது என்று எண்ணி அதன்மேல் வேறு செடி நட்டு, ஆணிவேரை அறுத்துவிடுகிறவர்கள் பலர். இலையுதிர் காலத்திலேயே ஒரு குச்சி குத்தி அடையாளம் வையுங்கள். காமன் மில்க்வீட் வேறு செடி; நிலத்தடித் தண்டால் நாலா பக்கமும் பரவும், முன்புறத்துக்கு ஆகாது. கனடா கோல்டன்ராடும் அப்படியே. லிட்டில் புளூஸ்டெமுக்கு உரம் போட்டால், நீர் அதிகம் விட்டால் கோடைக் கடைசியில் படுத்துவிடும். அதை ஏழை மண்ணில் பட்டினி போட்டு வளர்க்க வேண்டும். ஆஸ்டர் போன்ற உயரமானவற்றை மே கடைசியில் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டால் குட்டையாக, அடர்த்தியாகப் பூக்கும்.

குளிர்காலத் தண்டுகள்தான் பெரிய சண்டை. உள்ளீடற்ற தண்டுகளில் சிறு தேனீக்கள் கூடு கட்டும், விதைகளைக் குருவிகள் தின்னும். எல்லாவற்றையும் நவம்பரில் மொட்டையடித்தால் தோட்டத்தின் பயனில் பாதி போய்விடும். முன் வரிசையை மட்டும் சீராக்கி, பின்னால் உள்ளவற்றை வசந்தம் வரை விட்டு, பிறகு 8 முதல் 24 அங்குலக் கட்டையாக விட்டு வெட்டுங்கள். புதுத் தளிர் சில வாரத்தில் அதை மறைத்துவிடும். இந்தக் கால அட்டவணை விண்ணப்பத்தில் இருந்தால் ஜனவரியில் "செத்த செடி" என்ற கடிதம் வரும்போது அனுமதித் தாளைக் காட்டலாம்.

நேஷனல் வைல்ட்லைஃப் ஃபெடரேஷனின் வாழிடச் சான்றும் பலகையும் வைப்பது நல்லது. அது சட்டப் பாதுகாப்பு ஆகாது. நடப்பவர்களுக்கு இது தோட்டம் என்று சொல்லும் வேலையைத்தான் அது செய்கிறது. பலகை வைக்கவும் எச்ஓஏ அளவு விதி இருக்கும், பாருங்கள்.

மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று நான்கு படம் எடுங்கள், தேதியோடு. களை எடுத்த நாள், மல்ச் வாங்கிய ரசீது, செடி வாங்கிய ரசீது ஒரே உறையில். "தொடர்ந்து பராமரிக்கிறார்" என்று நிரூபிக்க வேறு எதுவும் தேவைப்படாது.

வயலேஷன் கடிதம் வந்தால்

அன்றே செய்ய வேண்டியது: கடிதத்தில் உள்ள கடைசித் தேதியைக் குறித்துக்கொண்டு, தோட்டத்தைப் படம் எடுப்பது. உண்மையான குறை எதுவாவது இருந்தால் (நடைபாதையில் நீண்ட தண்டு, விளிம்பில் களை) இரண்டு நாளுக்குள் சரிசெய்து மறுபடி படம் எடுங்கள். கோபத்தில் எல்லாவற்றையும் வெட்டிவிடாதீர்கள், பயந்தும் வெட்டிவிடாதீர்கள்.

பிறகு எழுத்தில் மூன்று கேளுங்கள். எந்த ஆவணத்தின் எந்தப் பிரிவை மீறியதாகச் சொல்கிறீர்கள்? எந்த நாளில் எடுத்த படம்? எந்தச் செடி? "களைகள்" என்று பொதுவாகச் சொன்ன பல கடிதங்கள் இந்த மூன்றாவது கேள்வியில் நின்றுவிடும். உங்கள் அனுமதித் தாளையும் மாநிலச் சட்டப் பிரிவையும் அதோடு இணைத்து, விசாரணை வேண்டும் என்று வெளிப்படையாக எழுதுங்கள். கேட்காவிட்டால் அந்த உரிமை பல இடங்களில் காலாவதியாகிவிடும்.

டெக்சஸில் அபராதத்துக்கு முன் எழுத்து அறிவிப்பும், சரிசெய்ய நியாயமான காலமும், 30 நாளுக்குள் கேட்டால் விசாரணையும் உண்டு. ஃப்ளோரிடாவில் 14 நாள் முன்னறிவிப்போடு, போர்டில் இல்லாத குறைந்தது மூன்று பேர் கொண்ட குழு அபராதத்தை ஏற்க வேண்டும். 1,000 டாலருக்குக் குறைந்த அபராதத்துக்கு வீட்டின் மேல் லீன் (கடனுக்காகச் சொத்தின் மீது பதியும் பிடிமானம்) போட முடியாது. கலிஃபோர்னியாவில் 10 நாள் முன்னறிவிப்பு. 2025 முதல், உடல்நலமும் பாதுகாப்பும் சம்பந்தப்படாத மீறலுக்கு 100 டாலர்தான் உச்சம். கொலராடோவில் இத்தகைய மீறலுக்குச் சரிசெய்ய 30 நாள், மொத்த உச்சம் 500 டாலர். அங்கே இன்னொரு வசதியும் உண்டு: எந்த மொழியில் அறிவிப்பு வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் ஆங்கிலத்தோடு அந்த மொழியிலும் அனுப்ப வேண்டும். வீட்டில் பெற்றோர் பெயரில் பத்திரம் இருந்தால் தமிழ் என்று எழுதிக் கொடுங்கள். நியூ ஜெர்சியில் நீதிமன்றத்துக்கு மாற்றாக நியாயமான தகராறுத் தீர்வு முறை ஒன்றைச் சங்கம் வைத்திருக்க வேண்டும், அதைக் கேளுங்கள்.

எந்த மாநிலத்திலும் ஒன்றைச் செய்யவே கூடாது: கோபத்தில் மாத, வருடச் சந்தாவை நிறுத்தி வைப்பது. செடித் தகராறில் நீங்கள் சரியாக இருக்கலாம், சந்தா பாக்கி தனிக் கடன். லீன் அங்கிருந்துதான் முளைக்கும்.

விசாரணையில் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும் என்று எண்ணித் தயாராகுங்கள். அனுமதித் தாள், சட்டப் பிரிவு, தேதியிட்ட படங்கள், இந்த மூன்றும் போர்டு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி. தெருவில் இதே போன்ற பாத்தி உள்ள மற்ற வீடுகளுக்குக் கடிதம் போகவில்லை என்றால் சாலையிலிருந்து தெரியும் படங்களை வைத்திருங்கள்; ஒருவர் மீது மட்டும் விதியைப் பாய்ச்சினால் சங்கத்தின் நடவடிக்கை நீதிமன்றத்தில் நிற்காமல் போகலாம். ஆனால் அக்கம்பக்கத்தார் பெயரைச் சொல்லி இழுக்காமல், முகவரி மறைத்துக் காட்டுங்கள். அவர்கள் ஆதரவு நாளை தேவைப்படும். லீன், வழக்கு, நாள் அபராதம் என்று பேச்சு வந்துவிட்டால் அந்த மாநிலத்து எச்ஓஏ வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். அவர் எழுதும் ஒற்றைக் கடிதத்தில் முடிந்துபோகும் தகராறுகள் நிறைய.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் குறைகள்

புகார் பெரும்பாலும் போர்டிலிருந்து தொடங்குவதில்லை, பக்கத்து வீட்டிலிருந்து தொடங்குகிறது. ஆகவே பதில் தெரிந்திருக்க வேண்டும். கோல்டன்ராடால் தும்மல் வருகிறது என்பார்கள். அதன் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, பூச்சியால் மட்டும் பரவுவது. அதே காலத்தில் பூக்கும் ராக்வீட்தான் காற்றில் மகரந்தத்தை விடுகிறது, அதன் பச்சைப் பூ யார் கண்ணிலும் படுவதில்லை. உங்கள் பாத்தியில் ராக்வீட் முளைத்தால் பூக்கும் முன் பிடுங்கிவிடுங்கள். அதற்கு எந்தச் சட்டமும் துணை நிற்காது.

கொசு என்பார்கள். முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் நீர் தேங்க வேண்டும். ஒழுங்காக அமைத்த மழைத் தோட்டம் 24 முதல் 48 மணி நேரத்தில் வடிந்துவிடும். அடித்தளத்திலிருந்து 10 அடி தள்ளி, 4 முதல் 8 அங்குல ஆழம். தோண்டும் முன் ஓரடிக் குழியில் நீர் ஊற்றி, ஒரு நாளில் வடிகிறதா என்று பாருங்கள். வடியவில்லை என்றால் அந்த இடத்தில் மழைத் தோட்டம் வேண்டாம், சாதாரணப் பாத்தி போடுங்கள். எலி, பாம்பு என்பார்கள். பறவைத் தீவனம் சிந்திக் கிடந்தால், விறகு அடுக்கியிருந்தால் எலி வரும், அவற்றை அகற்றுங்கள். உண்ணிக்கு, பாத்திக்கும் நடக்கும் வழிக்கும் நடுவே மரச்சில்லுப் பட்டை மூன்றடி அகலத்தில் வைப்பது உதவும்.

விண்ணப்பம் போடும் முன்பே இருபக்க வீட்டுக்காரர்களிடமும் வரைபடத்தைக் காட்டுங்கள். அவர்கள் பக்கம் பார்க்கும் ஓரத்தில் குட்டைச் செடி வைப்பதாகச் சொல்லி, விண்ணப்பத்தின் கீழே "பார்த்தோம், ஆட்சேபம் இல்லை" என்று கையெழுத்துக் கேளுங்கள். சில எச்ஓஏ படிவத்தில் அதற்கென்றே கட்டம் இருக்கும். அடுத்த வசந்தத்தில் ருட்பெக்கியா வேர் பிரிக்கும்போது ஆளுக்கு இரண்டு நாற்று எடுத்துக்கொண்டு போய்க் கொடுங்கள்.